பெறும் ஆசையும் கொடுக்கும் கையும்: கபாலா மரபில் மனிதனின் சுதந்திரம்



யூதரின் பழைய சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூதில் ஒரு கதை வருகிறது. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூத மக்கள், தங்களைக் கெடுப்பது மனத்துக்குள் இருக்கும் தீய நாட்டம்தான் என்று முடிவுகட்டினார்கள். அதைத் தங்கள் கையில் ஒப்படைக்கும்படி வானத்தை நோக்கி மன்றாடினார்கள். கேட்டது கிடைத்தது. பிடித்து அடைத்து வைத்தார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், நாடு முழுவதும் தேடியும் அன்று இட்ட முட்டை ஒன்றுகூட அகப்படவில்லை. கோழியும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. இதைக் கொன்றால் உலகமே நின்றுபோகும் என்று அவர்களுக்குப் புரிந்தது. பாதியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாமா என்றால், வானம் எதையும் பாதியாகத் தருவதில்லை. கடைசியில் அதன் கண்ணைக் குருடாக்கி அவிழ்த்து விட்டார்கள்.

ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய மித்ராஷ் விளக்கமும் இந்தக் கருத்தை வேறு வழியில் சொல்கிறது. படைத்து முடித்த இறைவன் எல்லாவற்றையும் பார்த்து மிக நன்று என்று மகிழ்ந்தபோது, அந்த நன்மைக்குள் தீய நாட்டமும் அடக்கமாம். அது இல்லையென்றால் யார் வீடு கட்டுவார்கள், யார் மணம் செய்துகொள்வார்கள், யார் பிள்ளை பெறுவார்கள், யார் கடை வைப்பார்கள் என்று கேட்கிறார்கள் அந்த ரபிமார்.

ஆசையை அறுத்தால்தான் கரையேற முடியும் என்று கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அதனால்தான் இந்த இரண்டு கதைகளையும் முதலிலேயே சொன்னேன். கபாலா என்னும் யூத ஞானமரபு இந்தக் கதைகளின் மண்ணில்தான் முளைத்தது. ஆசையைக் கொல்லும்படி அது கேட்பதில்லை. ஆசைதான் மனிதன் செய்யப்பட்ட பொருள். பொருளை அழித்துவிட்டால் மீட்பதற்கு என்ன மிஞ்சும்? அது கேட்பது வேறொன்று: இந்த ஆசை யாருக்காக இயங்குகிறது? அந்தத் திசையை மாற்ற மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது? இன்று மாலை இந்தக் கேள்விகளோடு சிறிது தூரம் நடக்க நினைக்கிறேன்.

கபாலா என்பது ஒரே நூலோ ஒரே பள்ளியோ அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில் 'ஸோஹர்' வெளிப்பட்டது. மரபு அதை 2ஆம் நூற்றாண்டின் ரபி ஷிமோன் பார் யோஹாயின் பெயரில் போற்றுகிறது. கெர்ஷோம் ஷோலெம் முதலிய ஆய்வாளர்கள், அதன் பெரும்பகுதியை எழுதியவர் மோசே தெ லெயோன் என்று காட்டினார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நம் கேள்விக்கு வேண்டியவர்கள் இருவர். ஒருவர் 16ஆம் நூற்றாண்டின் ஐசக் லூரியா. மற்றவர் 20ஆம் நூற்றாண்டின் யெஹூதா அஷ்லாக்.

லூரியா 1534இல் எருசலேமில் பிறந்தார், எகிப்தில் வளர்ந்தார், 1570இல் கலிலேயா மலைமீதுள்ள சஃபேத் நகருக்கு வந்து சேர்ந்தார். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதக் குடும்பங்கள் பல அப்போது அங்கே குடியேறியிருந்தன. நெசவும் கம்பளி வணிகமும் செழித்த ஊர். அதே தெருக்களில் சட்ட அறிஞர்களும் ஞானியரும் நிறைந்திருந்தார்கள். மோசே கோர்டோவெரோ என்ற பேராசானும் அங்கேதான் வாழ்ந்தார். லூரியா வந்த அதே ஆண்டில் அவர் மறைந்தார். லூரியா சஃபேத்தில் கற்பித்தது இரண்டே ஆண்டுகள். 1572இல் கொள்ளைநோயில் இறந்தபோது அவருக்கு வயது 38. அவர் எழுதியது மிகக் குறைவு. சொன்னதையெல்லாம் எழுத்தில் காத்துத் தந்தவர் அவருடைய சீடர் ஹயிம் விட்டல்.

லூரியா சொன்ன படைப்புக் கதை இது. தொடக்கத்தில் எல்லையற்ற ஒளி மட்டுமே எங்கும் நிறைந்திருந்தது. வேறு எதற்கும் இடமில்லை. ஆகவே அந்த ஒளி தன்னைத் தானே பின்வாங்கிக்கொண்டது. இந்தச் சுருக்கத்துக்கு 'த்சிம்த்சூம்' என்று பெயர். ஏற்பட்ட வெற்றிடத்துக்குள் மெல்லிய கோடாக ஒளி மீண்டும் இறங்கியது. அதை ஏந்துவதற்குப் பாத்திரங்கள் உருவாயின. ஆனால் கீழேயிருந்த பாத்திரங்கள் வந்த வேகத்தைத் தாங்காமல் உடைந்தன. உடைந்த துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு 288 பொறிகள் பாதாளம்வரை சிதறின. சிதறியதைத் தேடி எடுத்து உரிய இடத்தில் சேர்ப்பதே மனிதன் பிறந்த வேலை. அதற்கு 'திக்கூன்' என்று பெயர், சீரமைப்பு.

நாடு கடத்தப்பட்ட ஒரு சமூகம் தன் துயரத்தைப் படைப்பின் தொடக்கத்துக்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தது என்று ஷோலெம் விளக்கினார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கம் அவ்வளவு நேரானது அல்ல என்று மறுத்தார்கள். என் பார்வையில், இந்தக் கதையின் ஆழம் வேறிடத்தில் இருக்கிறது. முதல் செயலே ஒரு விலகல். எல்லாமாக இருந்த ஒன்று, மற்றொன்று இருக்கட்டும் என்பதற்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. இறைவனே முதலில் இடம் கொடுத்தவன் என்றால், கொடுத்தல் என்பது பிரபஞ்சத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பிற்பாடு மனிதர்கள் ஒழுக்கம் என்று அதை மேலே ஒட்டிவைக்கவில்லை.

பாத்திரங்கள் ஏன் உடைந்தன? லூரியாவின் மரபில் இதற்குப் பல விடைகள் உண்டு. அஷ்லாக் சொல்லும் விடைதான் நமக்கு வேண்டியது. அவற்றுக்குப் பெறத் தெரிந்தது, கொடுக்கத் தெரியவில்லை.

அஷ்லாக் 1880களில் வார்சாவில் பிறந்தவர். ஹசீதியம் என்னும் யூதப் பக்தி இயக்கச் சூழலில் வளர்ந்து, இளமையிலேயே மத நீதிபதியாகப் பணியாற்றியவர். 1920களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு எருசலேமுக்கு வந்தார். நடுவில் சில காலம் லண்டனில் இருந்து, லூரியாவின் கருத்துகளைத் தொகுத்த 'வாழ்வின் மரம்' என்னும் பெருநூலுக்கு உரை எழுதினார். கடைசிப் பத்தாண்டுகளை ஸோஹருக்கு எபிரேய மொழிபெயர்ப்பும் விளக்கமும் செய்வதில் கழித்தார். அந்த உரைக்கு 'சூலாம்', அதாவது ஏணி என்று பெயர். 1953இல் அது நிறைவடைந்ததைக் கொண்டாட மேரோன் மலையில் சீடர்களோடு விருந்து வைத்தார். அடுத்த ஆண்டு யோம் கிப்பூர் நோன்பு நாளில் காலமானார்.

இவருடைய உரைகளில் நிலவுகிற சிந்தனையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: படைத்தவனின் இயல்பு கொடுப்பது, படைக்கப்பட்டதன் இயல்பு பெறுவது. நாம் ஒவ்வொருவரும் இன்பம் பெறும் விருப்பம் மட்டுமே. நாற்காலிமேல் இருக்கும் கையை எடுத்து மேசைமேல் வைக்கிறோமா? அங்கே வைத்தால் இன்னும் சுகமாக இருக்கும் என்று எண்ணியதால்தான் வைத்தோம். அந்தச் சிறு ஆதாயம் கண்ணில் படாவிட்டால் கை அசையவே அசையாது என்கிறார். பிறருக்குச் செய்வதையும் ஏதோ ஒரு பலனை, குறைந்தது நல்லவன் என்ற பெயரையாவது, எதிர்பார்த்துத்தான் செய்கிறோம்.

கேட்கக் கசப்பாக இருக்கிறது. ஆனால் அவர் இதை மனிதனைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. தண்ணீருக்கு ஈரம் எப்படியோ அப்படி நமக்கு இந்த விருப்பம். ஒரு மனிதனிடமிருந்து ஒரு நாட்டத்தை வேரோடு பிடுங்கி எறிபவன், உலகத்திலிருந்தே ஒரு அரிய பொருளை இல்லாமல் ஆக்குகிறான் என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஏனெனில் அந்த நாட்டம் வளர்ந்து முதிர்ந்து கடைசியில் என்னவாக ஆகியிருக்கும் என்பதை இனி யாரும் காணப்போவதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? வெட்கத்தில் வருகிறது. பிறர் சோற்றை உண்பவன் கொடுத்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசுவான் என்று எருசலேம் தல்மூத் சொல்கிறது. கபாலா மரபினர் இதை 'வெட்கத்தின் ரொட்டி' என்று அழைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் பிறந்த மோசே ஹயிம் லுத்ஸாத்தோ, இந்த உலக வாழ்வின் உழைப்பு எதற்கு என்ற கேள்விக்கே இதைக்கொண்டு விடை சொன்னார். எல்லா நன்மையையும் உழைப்பின்றி அள்ளிக் கொடுத்திருந்தால், மனித உயிர் கூனிக் குறுகிப் போயிருக்கும். கொடுப்பவனுக்கு முன் நாணாமல் நிற்பதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிக்காகவே இவ்வளவு போராட்டமும்.

இங்கே அஷ்லாக் இன்னொரு கருத்தைச் சேர்க்கிறார். உடல்களுக்கு இடையே தூரம் இருப்பது இடத்தால். உயிர்களுக்கு இடையே தூரம் இருப்பது இயல்பின் வேறுபாட்டால். இருவர் ஒன்றையே நேசித்து ஒன்றையே வெறுத்தால், உலகத்தின் இரு முனைகளில் இருந்தாலும் அவர்கள் நெருங்கியவர்கள். ஒருவர் விரும்புவதை மற்றவர் வெறுத்தால், ஒரே கட்டிலில் படுத்திருந்தாலும் தொலைவில் இருக்கிறார்கள். கொடுப்பதையே இயல்பாகக் கொண்டவனிடமிருந்து, பெறுவதையே இயல்பாகக் கொண்டவன் எவ்வளவு தொலைவில் இருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தொலைவைக் கால்நடையாகக் கடக்க முடியாது. இயல்பு மாற வேண்டும்.

ஆனால் பெறும் விருப்பம்தான் நாம் என்றால் அது எப்படிக் கொடுக்கும் விருப்பமாக மாறும்? இதற்கு அஷ்லாக் விருந்தாளியின் உதாரணத்தைச் சொல்கிறார். பசியோடு வந்தவனுக்கு வீட்டுக்காரர் இலை போடுகிறார். வந்தவனுக்குக் கூச்சம். வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்கிறான். வீட்டுக்காரர் விடுவதில்லை. கொஞ்சம் சாப்பிடுங்கள், உங்களுக்காகவே செய்தது, நீங்கள் எழுந்து போனால் எனக்கு வருத்தம் என்கிறார். திரும்பத் திரும்ப மறுத்து, திரும்பத் திரும்பக் கெஞ்சக் கேட்டபின், விருந்தாளி கைநீட்டுகிறான். இப்போது அவன் உண்பது தன் பசிக்காக என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரரின் மனம் குளிர்வதற்காக உண்கிறான். பசியும் அப்படியே இருக்கிறது, சோறும் அதேதான், சுவையும் குறையவில்லை. ஆனால் பெறுதல் என்பது கொடுத்தலாகிவிட்டது.

இதில் மறுப்புதான் முக்கியம். கபாலாவின் மொழியில் அதற்குத் 'திரை' என்று பெயர். ஒளி வருகிறது, பாத்திரம் அதைத் தனக்காக விழுங்காமல் முதலில் திருப்பி அனுப்புகிறது. திரும்பிப் போகும் அந்த ஒளியின் அளவுக்கே, பிறகு பெறவும் முடிகிறது. உடைந்துபோன பாத்திரங்களிடம் இல்லாதது இந்தத் திரைதான். தல்மூதின் திருமணச் சட்டத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மணம் உறுதியாவதற்கு ஆண் பெண்ணுக்கு மதிப்புள்ள ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த ஆண் பெருமைக்குரிய ஒருவராக இருந்து, பெண் கொடுத்ததை அவர் ஏற்றுக்கொண்டால் அதுவும் செல்லும். அப்படிப்பட்டவர் தன் பரிசை ஏற்றதில் அவளுக்கு மகிழ்ச்சி. ஆகவே அவர் வாங்கியதே கொடுத்ததாகக் கணக்கு. அஷ்லாக் இந்தச் சட்ட நுணுக்கத்தை எடுத்து, ஆன்மாவுக்கும் இறைவனுக்குமான உறவுக்கே சாவியாக வைக்கிறார். துறவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. உண்ண மறுத்து எழுந்து போய்விட்ட விருந்தாளியால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் கொடுக்க முடியாது.

இனி சுதந்திரத்துக்கு வருவோம். யூதச் சிந்தனையில் இது பழைய சண்டை. எல்லாம் முன்கூட்டியே காணப்பட்டிருக்கிறது, ஆனாலும் மனிதனுக்கு உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னவர் ரபி அகீவா. 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடீஸ், மோசேயைப்போல் நல்லவனாவதும் தீயவனாவதும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது, இது இல்லையென்றால் கட்டளைகளுக்கே பொருளில்லை என்று அடித்துச் சொன்னார். 1410 வாக்கில் ஸ்பெயினின் ஹஸ்தாய் கிரெஸ்காஸ் அதை ஏற்கவில்லை. விருப்பத்துக்கும் காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்கள் அமைந்தால் விருப்பமும் அப்படியே அமையும் என்றார்.

அஷ்லாக் 1933 வாக்கில் சிறு பிரசுரங்களாக வெளியிட்ட கட்டுரைகளில் 'சுதந்திரம்' என்ற ஒன்று உண்டு. அவர் பெரும்பாலும் கிரெஸ்காஸின் பக்கம்தான் நிற்கிறார். இன்பமும் துன்பமும் இரண்டு கயிறுகளாக எல்லா உயிர்களையும் இழுக்கின்றன. மனிதன் கொஞ்சம் அதிகத் தொலைவு பார்த்துக் கணக்குப் போடுகிறான், அவ்வளவுதான். நாளைக்கு வரும் பெரிய சுகத்துக்காக இன்றைய வலியைப் பொறுக்கிறான். அதைத் தேர்வு என்று அழைப்பது வியாபாரத்தைச் சுதந்திரம் என்று அழைப்பதற்குச் சமம் என்பது அவர் நிலை.

பிறகு கோதுமை மணியைக் காட்டுகிறார். மண்ணில் விழுந்த மணி அழுகி, உருவமே இல்லாமல் போகிறது. ஆனாலும் அதிலிருந்து முளைப்பது கோதுமைதான், வாற்கோதுமை அல்ல. அந்த மூலப்பொருள் ஒரு காரணி. கோதுமை கோதுமையாகவே வளரும் மாறாத விதி இரண்டாவது. ஆனால் கதிர் எத்தனை, மணி எவ்வளவு பருமன் என்பவை மண்ணும் உரமும் மழையும் வெயிலும் தொட்டுத் தொட்டு அமைப்பவை, அது மூன்றாவது. அந்த மழையும் வெயிலும்கூடத் தமக்கென்று காரணங்கள் கொண்டு மாறுகின்றன, அது நான்காவது. மனிதனுக்கும் இதே கணக்கு. முன்னோரிடமிருந்து வந்தது நம் கையில் இல்லை. நம் இயல்பு வளரும் விதி நம் கையில் இல்லை. சூழல் நம்மைத் தொட்டால் நாம் மாறியே தீருவோம். அதைத் தடுப்பதும் நம் கையில் இல்லை. நம் சிந்தனைகள்கூட நம்முடையவை அல்ல, சூழல் அனுப்பிவைத்தவை என்று எழுதுகிறார்.

இவ்வளவையும் அடைத்துவிட்டு ஒரே ஒரு கதவைத் திறக்கிறார். எந்தச் சூழலுக்குள் நம்மை வைத்துக்கொள்வது என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். எந்த நூல்கள், எந்த ஆசிரியர், எந்த நண்பர்கள். ஒவ்வொரு முறையும் முன்பைவிட நல்லதைத் தேடிப் போகலாம். மனிதனைப் புகழ்வதற்கும் குறைசொல்வதற்கும் உரிய இடம் அது ஒன்றுதான். நல்ல எண்ணம் வந்ததற்காக யாரையும் பாராட்ட முடியாது, தீய எண்ணம் வந்ததற்காகத் தண்டிக்கவும் முடியாது.

இதற்குச் சான்றாக ரபி யோசே பென் கிஸ்மாவின் கதையைச் சொல்கிறார். வழியில் கண்ட ஒருவன், எங்கள் ஊரில் வந்து குடியிருங்கள், ஆயிரமாயிரம் பொற்காசும் மணியும் முத்தும் தருகிறேன் என்று அழைத்தான். கற்றோர் இல்லாத ஊரில் வசிக்க மாட்டேன் என்று ரபி மறுத்தார். அஷ்லாக் கேட்கிறார்: அவ்வளவு பெரிய ஞானிக்கு என்ன பயம்? அவர் போய் அந்த ஊரையே திருத்தியிருக்கக் கூடாதா? திருத்த முடியாது, ஊர்தான் அவரைக் கரைத்துவிடும் என்பதை அறிந்த அளவுக்கு அவர் ஞானி என்பதே பதில்.

என்னை இந்தக் கட்டுரையில் பிடித்து நிறுத்துவது இந்த இடம். மன உறுதி என்று நாம் போற்றும் ஒன்றை இவர் கிட்டத்தட்ட நம்புவதே இல்லை. நாளையிலிருந்து நான் சுயநலமில்லாமல் இருப்பேன் என்று தனியாக உட்கார்ந்து சபதம் எடுப்பவரைப் பார்த்து அஷ்லாக் இரக்கம்தான் கொள்வார். சபதம் எடுப்பதும் அதே சுயநலம்தானே, அது எப்படித் தன்னைத் தானே தூக்கிப் போடும்? ஆனால் கொடுப்பதைப் பெருமையாகக் கருதும் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்தால், அவர்களிடம் மதிப்புப் பெறும் ஆசையே என்னைக் கொடுக்க வைத்துவிடும். சுயநலத்தின் பிடியிலிருந்து விடுபட அதே சுயநலத்தின் பலம் பயன்படுகிறது. தன் நலத்துக்காகத் தொடங்குபவனும் ஒரு நாள் தன்னலம் கடந்து செய்ய வந்து சேருவான், ஆகவே எப்படியானாலும் தொடங்கட்டும் என்று ராவ் என்ற தல்மூத் ஆசான் சொன்னது இந்த நம்பிக்கையில்தான்.

கூட்டத்தின் பலத்தை நம்பும் இந்த வழி வெறும் கொள்கையாக நிற்கவில்லை; அஷ்லாக்குக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. எருசலேமில் பெத் எல் என்ற யெஷிவா, அதாவது வேதக் கல்விக்கூடம், 1737இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர் யேமனில் பிறந்த ஷாலோம் ஷராபி. யாருக்கும் தன் கல்வியைக் காட்டாமல் அங்கே பணியாளராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. 1754இல் அங்கிருந்த பன்னிருவர் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடவில்லை. ஒருவரை ஒருவர் புகழ மாட்டோம், அவர் வயதிலும் அறிவிலும் மேலானவர் என்று எல்லாருக்கும் தெரிந்தாலும் புகழ மாட்டோம். ஒருவர் வரும்போது முழுதாக எழுந்து நிற்க மாட்டோம். மரியாதைக்குச் சற்றே அசைவோம். ஒரே மனிதனின் உறுப்புகளைப்போல, ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்றில்லாமல் நடப்போம். ஒருவர் செய்த நற்செயலின் பலன் மறுமையிலும் மற்றவருக்குப் பங்காகட்டும்.

எவ்வளவு கூர்மையான உளவியல் பாருங்கள்! அகந்தை எந்தச் சந்து வழியாக நுழையும் என்று தெரிந்து, அந்தந்தச் சந்தை அடைத்திருக்கிறார்கள். ஆன்மிகக் குழுக்களில் முதலில் தலைதூக்குவது மரியாதைப் பசி. யார் யாருக்கு எழுந்து நின்றார்கள் என்பதிலேயே ஒரு மடம் உடைந்துபோகும். தம் புண்ணியத்தையும் பொதுவில் வைத்த பிறகு, நான் உன்னைவிட முன்னேறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கும் எதுவும் மிஞ்சாது. அஷ்லாக்கின் மகன் பாரூக் ஷாலோம் அஷ்லாக், 1980களில் பெனே பிராக் நகரில் தம் மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, குழுவின் நோக்கம் என்ன, நண்பனை எப்படி மதிப்பது என்று வாராவாரம் கட்டுரை எழுதிக் கொடுத்தார். பெத் எல்லில் அன்று தொட்ட நூல் இவ்வளவு தூரம் நீண்டு வந்திருக்கிறது.

லூரியாவும் காலைத் தொழுகைக்கு முன்பாக ஒன்றைச் சொல்லிக்கொள்ளும்படி சீடர்களுக்குக் கற்பித்தார்: உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளையை இதோ என்மேல் ஏற்கிறேன் என்று. பல தொழுகைப் புத்தகங்களில் அது இன்றும் அச்சாகிறது. தொழுகையின் நடுவே, எல்லாவற்றையும் ஆள்பவன் நீயே என்று சொல்லும் இடத்தில், நின்றபடி ஏழைக்கென்று காசு எடுத்து வைக்கும் வழக்கமும் அவர் பெயரில் வருகிறது. எல்லாம் உன்னுடையது என்று வாய் சொல்லும் நொடியில் கை தன் பையைத் திறக்க வேண்டும்.

கொடுப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை மைமோனிடீஸ் தத்துவ நோக்கில் ஏற்கெனவே எழுதியிருந்தார். ஒரே ஆளுக்கு ஆயிரம் பொன்னை ஒரே தடவையில் கொடுப்பதைவிட, ஆயிரம் பொன்னை ஆயிரம் தடவையாகக் கொடுப்பது மேல் என்கிறார். பெறுபவருக்கு எது அதிகம் உதவும் என்று பார்த்தால் கணக்கு வேறாக இருக்கலாம். கொடுப்பவனின் உள்ளத்தைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு தடவை பொங்கிய உணர்ச்சி அடங்கிவிடும். ஆயிரம் தடவை திறந்த கை திறக்கப் பழகிவிடும். அதே மைமோனிடீஸ் தானத்துக்கு எட்டுப் படிகள் வகுத்தபோது, உச்சியில் வைத்தது பிச்சையை அல்ல. கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ ஒருவரைத் தம் காலில் நிற்க வைப்பதே உச்சிப் படி. வெட்கத்தின் ரொட்டியை அவர் தட்டில் வைக்காமலிருப்பதே பெரிய ஈகை. உஷா நகரில் கூடிய பழைய ரபிமார் சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று வரம்பும் கட்டினார்கள். கொடுத்தவனே நாளை ஊரை நம்பி நிற்கக் கூடாதே.

அஷ்லாக் இதையெல்லாம் தனிமனித ஒழுக்கமாக மட்டும் விட்டுவைக்கவில்லை. 1940இல் 'தேசம்' என்று பொருள்படும் 'ஹஉமா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஒரே இதழோடு பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்திவிட்டது. தொழிலாளர் தலைவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான டேவிட் பென் குரியோனையும் சந்தித்தார். பென் குரியோன் கபாலாவைப் பற்றிக் கேட்க விரும்ப, இந்த ரபியோ சோஷலிசம் பற்றிப் பேசவே விரும்பியிருக்கிறார். பென் குரியோனே இதை ஒரு கடிதத்தில் குறித்துவைத்தார். ஒவ்வொருவரும் தம் வலிமைக்கேற்ப உழைத்துத் தேவைக்கேற்பப் பெறும் சமூகத்தை அஷ்லாக் மனமார விரும்பினார். ஆனால் சோவியத் ரஷ்யா அந்த வழியில் இடறும் என்று 1930களிலேயே எழுதினார். பிறருக்காக உழைக்க வேண்டுமென்றால் அதற்கு எரிபொருள் வேண்டும். தன் ஆதாயம் என்ற எரிபொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் வண்டி நகராது. சாட்டையால் கொஞ்ச தூரம் ஓட்டலாம். கொடுப்பதன் இன்பத்தை உணரும் உள்ளம் முதலில் வளர வேண்டும் என்பது அவர் துணிபு.

இந்த மரபை மெச்சிப் பேசும்போது சிலவற்றை மறைக்கக் கூடாது. 'பிறன்' என்றால் யார் என்ற கேள்விக்குக் கபாலா நூல்கள் பல இடங்களில் மிகக் குறுகிய விடையே தருகின்றன. ஹயிம் விட்டலின் எழுத்தில் யூதரல்லாதவரின் உயிர்கள் உடைந்த பாத்திரங்களின் கசடிலிருந்து வந்தவை என்ற கருத்து இருக்கிறது. துரத்தப்பட்ட சமூகத்தின் காயம் அதில் பேசுகிறது என்று புரிந்துகொள்ளலாம், ஏற்க முடியாது. எல்லையற்ற ஒளி தன் இடத்தை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் ஒரு மரபு, பக்கத்து வீட்டுக்காரருக்கு இடம் மறுத்தால் அது தன் முதல் அத்தியாயத்தையே மறந்துவிட்டது. அஷ்லாக் இதை உணர்ந்தவர். யூதர்கள் முதலில் இந்தப் பொறுப்பை ஏற்றாலும், உலகத்தின் எல்லா மனிதரும் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும்வரை சீரமைப்பு முடியாது என்று எழுதினார். படகில் தன் இருக்கைக்கு அடியில் மட்டும் துளை போட்டவனைப் பற்றி ரபி ஷிமோன் பார் யோஹாய் சொன்ன உவமையை அவர் மனித குலம் முழுமைக்கும் நீட்டினார்.

இன்னொரு ஆபத்து சூழல் என்ற கருத்துக்குள்ளேயே இருக்கிறது. நல்ல சூழலைத் தேர்ந்தெடு என்ற அறிவுரை, குருவிடம் மூளையை ஒப்படைத்துவிடு என்று மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது. கபாலாவின் பெயரால் இன்று பெரிய அமைப்புகள் இயங்குகின்றன. கையில் கட்டச் சிவப்பு நூலும் ஆசீர்வதித்த தண்ணீரும் விலைக்குக் கிடைக்கின்றன. செல்வம் பெருகவும் கண்ணேறு கழியவும் கபாலா என்றால், அது பெறும் ஆசையைத் திசை திருப்பாமல் இன்னும் ஊட்டி வளர்ப்பதே. அஷ்லாக்கின் 'சுதந்திரம்' கட்டுரையிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அன்றாடப் பொதுக் காரியங்களில் பெரும்பான்மையின் பின்னால் போகலாம். சிந்தனையில் அப்படிப் போகக் கூடாது என்கிறார். உண்மை எப்போதும் முதலில் தனி ஒருவரிடமே தோன்றுகிறது. ஆகவே தனிமனிதனின் கருத்தை நசுக்கும் சமூகம் தன் வருங்காலத்தையே நசுக்குகிறது. குழுவுக்குள் அடங்கு என்று சொன்ன அதே கை, குழு உன்னை விழுங்க விடாதே என்றும் எழுதியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காத எந்த அஷ்லாக் குழுவையும் நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக, அந்தச் 'சுதந்திரம்' கட்டுரையைப் படிக்கும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்று. சூழலைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரே சுதந்திரம் என்றால், அந்தத் தேர்வைச் செய்யும் விருப்பம் எங்கிருந்து வந்தது? அதுவும் முந்தைய சூழல் கொடுத்ததுதானே? நல்ல நூலைத் தேடத் தூண்டியது யார்? சங்கிலியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் அந்த ஒரே கதவும் மூடிக்கொள்கிறது.

அஷ்லாக் இதைக் கவனிக்காமல் இல்லை. பத்து ஸெஃபிரோத், அதாவது இறை ஒளியின் பத்து வெளிப்பாடுகள், பற்றிய தம் பெருநூலின் முன்னுரையில், உபாகமத்தின் ஒரு வரிக்கு வேத உரையாசிரியர் ராஷி சொன்ன விளக்கத்தை எடுத்து வைக்கிறார். சொத்தைப் பங்கிடும் தந்தை, மகனின் கையைப் பிடித்து நல்ல பங்கின்மேல் வைத்து, இதை எடுத்துக்கொள் என்கிறார். அந்த முதல் தொடுதல் நம்முடையது அல்ல. ஏதோ ஒரு நாளில் ஒரு புத்தகம் கைக்கு வருகிறது, ஒருவரைச் சந்திக்கிறோம், அதுவரை சுவைத்த வாழ்வு திடீரென்று சப்பென்று ஆகிவிடுகிறது. அதை நாம் வரவழைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் அந்தப் பங்கை இறுகப் பிடிப்பதா, கையை எடுத்துவிடுவதா என்பது நம்மிடம் விடப்படுகிறது. தேர்வு என்பது அவருக்குத் தொடக்கத்தில் இல்லை. பிடித்ததை விடாமல் வலுப்படுத்திக்கொள்வதில் இருக்கிறது.

இது தத்துவத்துக்கு முழு விடை ஆகாது. கிரெஸ்காஸ் எழுந்து வந்து, இறுகப் பிடிக்கும் அந்த வலிமைக்கும் காரணம் உண்டே என்று கேட்டால் அஷ்லாக்கிடம் தர்க்கம் மிச்சமிருக்குமா என்பது எனக்கு ஐயம்தான். ஆனாலும் நான் அவர் பக்கமே சாய்கிறேன். மனிதர்கள் மாறியதை நான் பார்த்தவரையில், அது அவர்கள் தனியாக எடுத்த பெரிய முடிவுகளால் நேர்ந்ததில்லை. யாரோடு உண்கிறோம், யாருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், யாருடைய மதிப்பை இழக்க அஞ்சுகிறோம் என்பதில் அவர்கள் செய்த சிறிய மாற்றங்களால் நேர்ந்தது. அந்த மாற்றத்தை ஒரு முறை செய்தால் போதாது என்பதையும் அஷ்லாக் சொல்லியிருக்கிறார். சூழல் நிற்பதில்லை, ஆகவே தேர்வும் நிற்க முடியாது. நேற்று நல்லதாக இருந்த கூட்டம் இன்று பழக்கமாகிவிட்டிருக்கலாம், அப்போது இன்னும் நல்லதைத் தேடிப் புறப்பட வேண்டும்.